கீழ்த்தெருவின் பூனை

கோஸ்லார்,
6 பிப்ரவரி 1887

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வராததற்காக முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு. அப்புறம் மேலே படி.

முடித்தாயா? சரி. ஒரு நல்ல செய்தி. வரும் ஜூனில் நம் ஊர் ராபன்ஹூட்டெ பிறந்து முந்நூறு வருஷம் ஆகிறது. விழா எடுக்கப்போகிறார்கள். தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்களாம். ஊர் வரலாற்றை அச்சடித்து, அன்றைக்குத் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்று எங்கள் சுரங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது இயக்குநர் க்ராஸ்ஹோஃப் என் மேஜைக்கே வந்து நின்றார்.

"யூலியுஸ், நீ அந்த ஊர்க்காரன்தானே? நீயே எழுது. மூக்கைப் பொத்திக்காம அந்த ஊரைப் பத்தி எழுத எனக்கு வேற ஆளு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? வெள்ளி உருக்கும் உலைக்காரன் மகன் ஒருவன் இந்த அலுவலகத்தில் பேனா பிடிப்பதே அவர்களுக்கு வேடிக்கைதான். எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் தலைமை எழுத்தர் பதவி என்று ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அக்கா, பதவிக்காக மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத உட்கார்ந்த முதல் நாளே எனக்கு மூச்சு முட்டியது. உருளைக்கிழங்குகூட உருண்டையாக விளையாத ஒரு மலைச்சரிவில், பாதி வருஷம் பனிக்கடியில் கிடக்கும் ஓர் ஊரில், நம் ஆட்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! சுரங்கத்து நீர்ச்சக்கரம் சுற்ற ஆறு இல்லை. அதனால் ஆற்றையே வெட்டினார்கள். மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால், குளத்துக்குக் கீழே குளம். இன்றைக்கும் ஒரு சொட்டு வீணாகாமல் ஓடுகிறது. வெட்டியவன் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. அதைப் பார்த்தால் பெருமையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

போர்க்காலத்தில் சிப்பாய்கள் ஊரைக் கொளுத்திய கதையை அப்பா சொல்வாரே, அது உனக்கு முழுதாக நினைவிருக்கிறதா? எழுதி அனுப்பு.

ஹென்னிங் அத்தான் எப்படி இருக்கிறார்?

நலமாய் மேலே வா,
உன் தம்பி
யூலியுஸ்


ராபன்ஹூட்டெ,
20 பிப்ரவரி

அன்புத் தம்பி யூலியுஸுக்கு,

திட்டி முடிக்கவில்லை. நேரில் மிச்சம் வைத்திருக்கிறேன்.

செய்தியைப் படித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பக்கத்து வீட்டு லீனெ ஓடி வந்து, "யாரு செத்தா?" என்றாள். "யாரும் சாகலடி, என் தம்பி நம்மளப் புஸ்தகத்துல போடப்போறான்" என்றேன். "அப்போ என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்லு" என்றாள். புருஷன் கிறிஸ்டொஃப் செத்த பிறகு அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

நீ கேட்ட கதை இதுதான். சிப்பாய்கள் பள்ளத்தாக்கில் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அன்றைய பாதிரியார், "தேவாலயத்து வெள்ளிக் கிண்ணத்த மொதல்ல ஒளிச்சு வைங்க" என்றாராம். உலைக்காரர்கள் கேட்கவில்லை. உலைத்துருத்தியின் தோலைக் கழற்றிச் சுருட்டி, நீர் வற்றிய சுரங்க வாயில் இறக்கினார்கள். சிப்பாய்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். சாம்பல் ஆறும் முன் துருத்தி மாட்டி உலை மூட்டிவிட்டார்கள். "கிண்ணம் போனா வெள்ளி இருந்தாச் செய்யலாம். துருத்தி போனா வெள்ளி ஏது?" என்று அப்பா சொல்லி முடிப்பார். நம் ஆட்களுக்குப் புத்தி எப்போதும் கைக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

அத்தானைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் தெரு நோய், அந்தப் பூனை, அவரையும் பிடித்துவிட்டது. இலையுதிர்காலத்திலேயே வயிற்றில் பிறாண்ட ஆரம்பித்தது. இப்போது கைக்கு வந்துவிட்டது. மணிக்கட்டு நிமிரவில்லை. ஸ்பூன் விழுகிறது. "தரை எங்கிட்ட ஸ்பூன் கேக்குது, நான் என்ன பண்ண?" என்று சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டுக் குனிந்து எடுக்கிறேன்.

தொழிலாளர் சேமநிதி வைத்தியர் வந்து பார்த்தார். சாராயம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாராயத்தால் வந்த நோய்க்கு ஓய்வூதியம் கிடையாது. உலைவேலை இல்லாதவனுக்கு நிர்வாகத்தின் வீடும் கிடையாது. செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே போவது என்று அந்தக் காகிதத்தில் எழுதவில்லை.

நீ அலுவலகத்தில் இருக்கிறாய். உன்னால் எதுவும் முடியுமா?

நலமாய் மேலே வா. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குச் சொல்லும் வாழ்த்து இது; உலைக்காரர்கள் கீழே போவதே இல்லை, இருந்தும் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.
உன் அக்கா
டோரெட்டெ


கோஸ்லார்,
27 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. ஆனால் இப்போது நான் வாய் திறந்தால் காரியம் கெடும். விழா முடியட்டும். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும் நேரம் பார்த்து க்ராஸ்ஹோஃபிடம் நானே பேசுகிறேன். அதுவரை யாரும் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட வேண்டாம். லீனெயிடமும் சொல்லிவை.

முதல் வரைவை இதோடு அனுப்புகிறேன். வாய்க்கால்கள் வந்திருக்கின்றன. துருத்தித் தோல் வந்திருக்கிறது. அப்பா சொன்ன மாதிரியேதான் எழுதினேன். ஜூன் திருநாளில் முட்டை கட்டிய ஊசியிலை மரத்தைச் சுற்றி ஆடுவது, கறுப்பு உடுப்பில் சுரங்கக்காரர்களும் வெள்ளை உடுப்பில் உலைக்காரர்களும் அணிவகுப்பது, எல்லாம் உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடியும்போது மேஸ்திரி முட்டைக்கோஸ் இலையில் வெண்ணெய் வைத்து உலைக்காரர்கள் கையில் கொடுப்பாரே, அதையும் சேர்த்திருக்கிறேன். முந்நூறு வருஷமாக மாறாத நிர்வாகத்தின் கருணை என்று. க்ராஸ்ஹோஃபுக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. வாய்விட்டு இருமுறை படித்தார்.

உனக்குப் பிடித்திருக்கிறதா என்று எழுது.

நலமாய் மேலே வா,
யூலியுஸ்


ராபன்ஹூட்டெ,
4 ஏப்ரல்

யூலியுஸ்,

வாய்க்கால் நன்றாக வந்திருக்கிறது. துருத்தியைப் படித்தபோது அத்தான் அழுதுவிட்டார். வெண்ணெயைப் படித்தபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

கருணையா? அது கருணை என்றால் மேல்தெருவுக்கு ஏன் கொடுக்கவில்லை? சுரங்கக்காரனுக்குப் பசிக்காதா? கருணைக்குத் தெரு உண்டா?

நீ அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அதனால் சொல்கிறேன், கேள். நம் கீழ்த்தெருவில் ஒரு கோழி ஒரு கோடையைத் தாண்டிப் பார்த்திருக்கிறாயா? திருநாள் மரத்தில் கட்ட முட்டையை மேல்தெருவில்தானே கெஞ்சி வாங்கினோம்? அங்கே வீட்டுக்கு வீடு கூண்டில் கேனரிக் குருவி பாடுகிறது. நம் தெருவில் வாங்கி மாட்டினால் கொஞ்ச நாளில் காலை நீட்டுகிறது. உலைப்புகை கீழே இறங்கும் பக்கம் புல் வெளுக்கிறது, மாடு மாதம் நிறையாமலே கன்றைப் போடுகிறது. பூனைகூடப் பிழைக்காத தெரு இது. இங்கே பிழைக்கிற ஒரே பூனை ஆண்களின் வயிற்றில் இருக்கிற அந்தப் பூனைதான். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உலைக்கசடுக் கல்லில் கட்டிய சுவரில் தலையை முட்டியபோது நீ மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டாய். நான்தான் அவர் காலைப் பிடித்தேன்.

வெண்ணெய் பூனைக்கு. அது தெரியாத உலைக்காரன் இல்லை. வயிற்றில் கொழுப்பு இருந்தால் வெள்ளித்தாதுவோடு உருகும் ஈயத்தின் புகை ஒட்டாது என்று எந்தக் காலத்திலோ யாரோ கண்டுபிடித்து, அன்றிலிருந்து கொடுக்கிறார்கள். சுரங்கத்தில் ஈயப்புகை இல்லை, அதனால் அங்கே வெண்ணெய் இல்லை. அவ்வளவுதான். நோய் இருக்கிறது என்று தெரிந்தவன்தானே மருந்து கொடுப்பான்? சனிக்கிழமை மருந்து கொடுக்கிற கை திங்கட்கிழமை 'சாராயம்' என்று எழுதுகிறது. அதற்கு நீ கருணை என்று பெயர் வைக்கிறாய்.

அத்தான் கையைப் பற்றி உன் க்ராஸ்ஹோஃபிடம் விழா முடிந்த பிறகு இதமாகச் சொல்ல வேண்டாம். உன் புத்தகத்தில் சொல். நிர்வாகம் அச்சடித்த புத்தகத்திலேயே அது இருந்தால் பிறகு எந்த வைத்தியர் சாராயம் என்று எழுத முடியும்?

மேல்தெரு வெய்லெ இன்றைக்கும் தெருமுனையில் நின்றுகொண்டு, "வெண்ணெய் நக்கிங்களா, இன்னிக்கு உப்பு போட்டாங்களா?" என்று கேட்டான். சுரங்க மேஸ்திரி ஆனதிலிருந்து அவன் வாய் இன்னும் நீண்டுவிட்டது. அவன் தெரியாமல் பேசுகிறான். நீ தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

டோரெட்டெ


கோஸ்லார்,
8 மே

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வெண்ணெய் வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறேன். நீதான் முதலில் படிக்கிறாய்:

"ராபன்ஹூட்டெயில் உலைக்காரருக்கு ஏன் வெண்ணெய் என்று கேட்பவர்களுக்குக் கீழ்த்தெரு பதில் சொல்லும். ஈயப்புகையை மூச்சாக இழுப்பவன் வயிற்றில் ஒரு பூனை குடியேறுகிறது. முதலில் அது பிறாண்டும். பிறகு கைகளைத் தின்னும். வெண்ணெய் அந்தப் பூனைக்குப் போடும் தீனி. முந்நூறு வருஷம் தீனி போட்டவர்கள், பூனை இருப்பது தெரியாது என்று சொல்ல முடியாது. இந்த ஊரின் வெள்ளி பாதி வழி இருட்டில் வந்தது. மீதி வழி நெருப்பின் வெளிச்சத்தில், மனிதர்களின் கைகளை வாங்கிக்கொண்டு வந்தது. கைகளைக் கொடுத்தவர்கள் பலர். நமக்குத் தெரிந்த சிலரை மட்டும் சொல்கிறோம்: அன்டோன் ரீகெ. யோஸ்ட் ஹில்லெ. கிறிஸ்டொஃப் பார்த்தோல்ட். ஸகாரியாஸ் ஓலெ. இவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக."

அப்பாவின் பெயரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். லீனெயிடம் கிறிஸ்டொஃபைப் போட்டதற்குச் சம்மதமா என்று கேள்.

இதை க்ராஸ்ஹோஃப் ஒப்புக்கொள்வாரா தெரியாது. கொடுத்துப் பார்க்கிறேன்.

உன் தம்பி
யூலியுஸ்


ராபன்ஹூட்டெ,
23 மே

என் தங்கத் தம்பிக்கு,

சனிக்கிழமை ஊர் அடுப்பில் ரொட்டி சுடும் நாள். மேல்தெரு, கீழ்த்தெரு என்று இல்லாமல் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் காத்திருக்கிற நேரம் அது ஒன்றுதான். உன் பக்கத்தை அங்கே எடுத்துப்போய்ப் படித்தேன்.   முடித்ததும் லீனெ, "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவ" என்றாள் ரீகெ வீட்டுக்காரி.

அதற்கடுத்த வாரமும் அதேதான். நாம் பள்ளியில் எப்படிப் படித்தோம் என்று உனக்குத் தெரியுமே! வகுப்புக்கே ஒரு ஞானோபதேசப் புத்தகம், கேட்டுக் கேட்டே மனப்பாடம். பாதிரியார் பாதியில் நிறுத்தினால் பெஞ்சு தொடருமே, அதுபோல நான் மூச்சு வாங்க நிறுத்தினால் இவர்கள் தொடர்கிறார்கள். வெய்லெ பெண்டாட்டிகூட மாவுக் கையோடு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் ரொட்டி அன்றைக்குக் கருகிப்போனது. "கருகுனா கருகட்டும், அந்த ஆளுக்கு இதுவே ஜாஸ்தி" என்றாள்.

லீனெக்குச் சம்மதம். "கிறிஸ்டொஃப் பேரு அச்சுல வர்றது இதுதான் மொதத் தடவ. கல்லறைக்குக்கூட மரச்சிலுவைதான் வெச்சேன், அதுல பெயிண்ட் போயிடுச்சு" என்றாள்.

உன்னைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதியைத்தான்.

உன் அக்கா
டோரெட்டெ


கோஸ்லார்,
12 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

க்ராஸ்ஹோஃப் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைக் காட்டினார், சுருட்டு நீட்டினார். "அருமையா எழுதுற யூலியுஸ். உங்க தெருவுல பொறந்து இவ்வளவு தூரம் வந்திருக்க. திரும்பி நடக்கணும்னு ஏன் ஆசைப்படுற?" என்றார். பழைய கருணை வரியைத் திரும்பச் சேர்த்து அச்சுக்கு அனுப்பியாகிவிட்டது. அச்சடித்ததை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படிக்க வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் படிக்க வேறு ஆளைப் போடுவார்கள், அவ்வளவுதான். அவன் துருத்தியைக்கூட ஒழுங்காகப் படிக்க மாட்டான்.

விழாவுக்கு அவர்களோடு ஒரே வண்டியில் வந்து, அன்றைக்கே அவர்களோடு திரும்புகிறேன். வீட்டுக்கு வர நேரம் இருக்குமா தெரியவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

யூலியுஸ்


ராபன்ஹூட்டெ,
17 ஜூன்

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுப்படியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.  லீனெ மாவை ரொம்ப நேரம் அடித்துப் பிசைந்தாள்.

அத்தானின் வெள்ளை உடுப்பைத் துவைத்துவிட்டேன். பொத்தானை நான் போட்டுவிட வேண்டும், ஆனாலும் அணிவகுப்பில் நடப்பேன் என்கிறார்.

நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வா. ஜூனிலும் இங்கே குளிர்தான்.

டோரெட்டெ


ராபன்ஹூட்டெ,
3 ஜூலை

அன்புத் தம்பி யூலியுஸுக்கு,

நீ நின்றது பிரசங்க மேடைப் படியில். நான் உட்கார்ந்தது கடைசிப் பெஞ்சில். அங்கிருந்து பார்த்த விழா வேறு, இங்கிருந்து பார்த்த விழா வேறு. அதோடு முடிந்ததும் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் என் பக்கத்து விழாவைச் சொல்கிறேன்.

வழக்கம்போல முன்பெஞ்சுகளில் மேல்தெரு, பின்பெஞ்சுகளில் நாங்கள். முந்நூறு வருஷமானாலும் புகை நாற்றம் முன்னால் வரக்கூடாதாம். நீ வாய்க்கால் படித்தபோது சுரங்கக்காரர்கள் எல்லாம் முதுகை நிமிர்த்தினார்கள். பின்னாலிருந்து பார்க்க ஒரு காடு எழுந்து நிற்பது போல இருந்தது. துருத்தி வந்தபோது எங்கள் பெஞ்சு நிமிர்ந்தது. யூலியுஸ், நீ நன்றாகப் படித்தாய். இந்த ஊரை யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நாம் இவ்வளவு பெரிய ஆட்களா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அந்த வரியைப் படித்தாய். "சனிக்கிழமைதோறும் உலைக்காரர்களுக்கு வழங்கப்படும் வெண்ணெய், முந்நூறு வருஷமாக மாறாத நிர்வாகத்தின் கருணை." அத்தான் தலையைக் குனிந்தார். க்ராஸ்ஹோஃப் பக்கத்தில் இருந்த தலைநகரத்து அதிகாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

நீ நிறுத்தினாய். குவளையில் தண்ணீர் ஊற்றினாய். குடித்தாய். நாங்கள் காத்திருந்தோம். நீ மறுபடி ஊற்றினாய். மறுபடி குடித்தாய், ஏதோ வெந்நீரை உறிஞ்சுவது போல மெதுவாக.

நம் தேவாலயத்தில் முன்னால் நிற்பவர் நிறுத்தினால் பெஞ்சு சும்மா இருக்குமா? இருந்து பழக்கமில்லை. லீனெதான் ஆரம்பித்தாள். எழுந்துகூட நிற்கவில்லை. "ராபன்ஹூட்டெயில் உலைக்காரருக்கு ஏன் வெண்ணெய் என்று கேட்பவர்களுக்குக் கீழ்த்தெரு பதில் சொல்லும்" என்றாள், ஜெபம் சொல்வது போல. ரீகெ வீட்டுக்காரி சேர்ந்தாள், நான் சேர்ந்தேன். பூனை வருவதற்குள் எங்கள் பெஞ்சுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டோம். ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவர்களுக்கு இது தெரியாது.

பெயர்கள் வந்தன. அன்டோன் ரீகெ. யோஸ்ட் ஹில்லெ. அடுத்தது அவள் புருஷன் பெயர்; லீனெ முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சொல்லாமல் நாங்கள் எப்படிச் சொல்வது? எல்லோரும் நின்றுவிட்டோம். அந்த அமைதியில்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. க்ராஸ்ஹோஃப் எழுந்திருக்கப் போனார்.

"கிறிஸ்டொஃப் பார்த்தோல்ட்" என்று முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கட்டைக் குரல். யாரென்று நினைக்கிறாய்? வெய்லெ! வெண்ணெய் நக்கி என்று வாழ்நாள் முழுக்கக் கத்தின வெய்லெ. கறுப்பு உடுப்போடு எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி நின்று, "ஸகாரியாஸ் ஓலெ" என்று அப்பாவின் பெயரையும் அவனே சொன்னான். கடைசி இரண்டு வரிகளை மேல்தெருவும் கீழ்த்தெருவும் சேர்ந்து சொன்னன. அவன் பெண்டாட்டி வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம், கேட்டுக் கேட்டு ஏறிவிட்டது என்று பிறகு சொன்னான்.

அதிகாரி பாதிரியாரைப் பார்த்து, "இது என்ன ஜெபம்? எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார்.

நம் பாதிரியாரை நான் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருந்தேன். "எந்தப் புத்தகத்துலயும் இல்லீங்க. இடம் பத்தலையாம்" என்றார்.

பிறகு நீ குவளையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து ஒன்றுமே நடக்காத மாதிரி படித்தாய்.

உன்னை வண்டியில் ஏற்றிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதிகாரி ஏறவில்லை. மைதானத்தில் மரத்தைச் சுற்றி ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால், "கை அப்படி ஆனவங்க உயிரோட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அத்தான் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். மணிக்கட்டிலிருந்து தொங்கின. சேமநிதி வைத்தியரும் அங்கேதான் இருந்தார். "சாராயம்" என்று முணுமுணுத்தார்.

அத்தான் சொன்னார்: "ஐயா, சாராயத்தால கை தொங்கும்னா இந்த ஊர்ல பாதிரியாரத் தவிர ஒருத்தனும் ஸ்பூன் பிடிக்க முடியாதுங்க."

"பாதிரியாரையும் சேத்துக்கோ" என்றான் வெய்லெ.

அதிகாரியே சிரித்துவிட்டார். நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வெளியூரிலிருந்து வேறு வைத்தியர் வந்து உலைக்காரர்கள் எல்லோரையும் பார்ப்பார் என்று உத்தரவு வந்திருக்கிறது. அவர் என்ன எழுதுவார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் கதவில் ஒட்டிய காகிதத்தை அவர்களே வந்து கிழித்துக்கொண்டு போனார்கள். அது கிழிகிற சத்தம் இருக்கிறதே, நம் தேவாலய ஆர்கன்கூட அப்படி இருக்காது.

போன சனிக்கிழமை வெண்ணெய் வரவில்லை. கோபத்தில் நிறுத்திவிட்டார்கள். வெறும் முட்டைக்கோஸ் இலையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி அசடு வழிய நின்றாராம். உலைக்காரர்கள் அங்கேயே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கருணை என்றால் முந்நூறு வருஷமாக மாறாது என்றார்களே! ஒரு பக்கம் வாசித்ததற்கே மாறிவிட்டது. இன்னும் தமாஷ் என்னவென்றால், அன்று மாலை வெய்லெ பெண்டாட்டி தலையில் ஒரு வாளியோடு கீழ்த்தெருவுக்கு வந்தாள். மேல்தெரு மாடுகளின் வெண்ணெய். வெய்லெ பின்னாலேயே வந்து, "நக்குங்கடா, உப்பு போட்டிருக்கேன்" என்றான். நாங்கள் வாங்கிக்கொண்டோம். திட்டிக்கொண்டேதான் வாங்கினோம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுப்படியில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடக்கிறது. பாதிப் பேர் நீ நாக்கு வறண்டுதான் நிறுத்தினாய் என்கிறார்கள். பயந்தால் உனக்குத் தொண்டை வறளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எனக்கும் தெரியும். அப்படியென்றால் எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான், அதில் உனக்குப் பங்கில்லை. லீனெ மட்டும் இல்லை என்கிறாள். "அவன் ரெண்டாவது குவளைய ஊத்துறப்ப என்னப் பாத்தான்டி" என்கிறாள். அவளுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது.

நீ கொடுத்த வாக்கை மீறவில்லை, ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று உன் க்ராஸ்ஹோஃபிடம் தைரியமாகச் சொல்லலாம். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவருக்குச் சொல். எனக்கு மட்டும் உண்மையைச் சொல். அந்தத் தண்ணீர் எதற்கு?

நலமாய் மேலே வா,
உன் அக்கா
டோரெட்டெ


கோஸ்லார்,
9 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

க்ராஸ்ஹோஃபும் இதையேதான் கேட்டார். தொண்டை வறண்டுவிட்டது என்றேன். நம்பவில்லை. நிரூபிக்கவும் முடியவில்லை. அதனால் எழுத்தர் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, என் ஒருவனை மட்டும் குறைத்துவிட்டார்.

சனிக்கிழமை வருகிறேன். ரொட்டி சுடும் நேரத்துக்கு வந்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு மிச்சம் வைத்த திட்டைத் தயாராக வைத்திரு. மாடியறையில் இருக்கும் மூட்டைகளை எடுத்து எனக்கு இடம் பண்ணு. அந்தப் பக்கத்தை இனி நாமே எங்காவது அச்சடித்துக்கொள்ளலாம். லீனெயின் மூக்கையும் சின்னதாகப் போட்டுவிடலாம்.

அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. எனக்குத் தாகமே இல்லை, அக்கா.

உன் தம்பி
யூலியுஸ்